ஆய்வின் நடுவில் வந்த குழந்தை: விசுவாசத்தோடு இதை எப்படித் தாங்கினீர்கள்?

பொருநை மகள் (இழையைத் தொடங்கியவர்)

சகோதர சகோதரிகளுக்கு வணக்கம். நான் தாவரவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள்; தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவள். களக்காட்டு மலைகளில் மழைக்காலத்தில் பூக்கும் காட்டுக் காசித்தும்பைகள் என் ஆய்வுப் பொருள். இவற்றில் பல இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் வளர்வதில்லை. ஈரம் இருக்கும் மாதங்களில் முளைத்து, பூத்து, காய் வெடித்து, மடிந்துவிடுகிற செடிகள் அவற்றில் ஏராளம். பூவைப் பார்க்காமல் இனத்தை உறுதி செய்ய முடியாது என்பதால், ஒரு மழைக்காலத்தைத் தவறவிட்டால் அடுத்த மழை வரை காத்திருக்க வேண்டும். வனத்துறை அனுமதிக்கும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

களப்பணி முடிந்த பிறகு குழந்தை என்று நானும் என் கணவரும் பேசி வைத்திருந்தோம். அதற்கு முன்பே கருவுற்றேன். மகள் நல்லபடியாகப் பிறந்தாள். இப்போது தலை நின்றுவிட்டது, குப்புற விழப் பார்க்கிறாள். அவள்மேல் என் உயிரையே வைத்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப் போவதைப் படித்து அதைச் சந்தேகிக்கிறவர்கள் இருக்கக்கூடும்.

மாலையில் மாடியில் துணி எடுக்கப் போகும்போது மேற்கே மலைமேல் மேகம் இறங்குவது தெரிகிறது. அங்கே பாறை இடுக்குகளில் என் செடிகள் பூத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் தேவன்மேல் எனக்கு வருகிற கோபத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. பிள்ளையைப் பார்க்க வந்த சபைப் பெண்கள் எல்லோரும், "கர்த்தருடைய சித்தம் அம்மா, படிப்பு எங்கே போகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி ஜெபித்துவிட்டுப் போனார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் போன பிறகு, இழந்ததை இழந்தேன் என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லையோ என்று தோன்றியது.

என் கேள்வி இதுதான். குழந்தைக்காக நன்றி சொல்லும் அதே ஜெபத்தில், கலைந்துபோன திட்டத்துக்காக அழவும் செய்யலாமா? அது அவிசுவாசமா? இதைக் கடந்து வந்தவர்கள், கிருபை உங்களுக்கு எந்த வழியாக வந்தது என்று எழுதுங்கள்.

கிராமத்துச் செவிலி

தங்கச்சி, விசுவாசத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்ற முறையில் நான் வேறொன்றை முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. குழந்தை தூங்கும்போது உங்களுக்குத் தூக்கம் வருகிறதா? பசி இருக்கிறதா? முன்பு பிடித்திருந்த எதுவும் இப்போது பிடிக்கவில்லை என்ற நிலை இருக்கிறதா?

பிரசவமான முதல் இரண்டு வாரங்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மார்களுக்கு உள்ளதுதான், தானாகவே அடங்கிவிடும். அதற்குப் பிறகும் மனம் இறங்கியே இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய, எடின்பரோ அளவுகோல் என்று 1987 இல் உருவாக்கிய ஒரு கேள்வித்தாள் உண்டு. பத்தே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், தமிழிலும் இருக்கிறது. அது நோயை உறுதி செய்யும் பரிசோதனை ஆகாது, ஆனால் மருத்துவரிடம் பேச்சைத் தொடங்க நல்ல வழி. கடைசிக் கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு "ஆம்" என்ற பக்கம் சாய்கிற எந்தப் பதிலாக இருந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, அழைக்கலாம். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. விசுவாசக் குறைவு என்று நினைத்துக்கொண்டு உபவாசம் இருந்த தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். பால் கொடுக்கிறவள் பட்டினி கிடக்கக் கூடாது. மருந்தும் தூக்கமும் தேவைப்படுகிற உடம்புக்கு அவற்றைக் கொடுப்பதும் தேவனுக்குப் பிரியமானதுதான் என்று நான் நம்புகிறேன்.

மணப்பாட்டுக் கரை

நான் கத்தோலிக்கப் பெண். உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எனக்கு மரியாளின் நினைவுதான் வந்தது. ஆனால் வழக்கமாகப் பிரசங்கத்தில் சொல்கிற விதத்தில் வரவில்லை.

நிச்சயிக்கப்பட்ட ஒரு பெண்ணிடம் தேவதூதன் வந்து கருத்தரிப்பாய் என்கிறான். அவள் சம்மதிக்கிறாள். அந்தச் சம்மதத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால், சம்மதம் சொன்ன இடத்தில் அவள் பாடவில்லை என்பது தெரியும். அவள் எழுந்து, மலைநாட்டுக்குத் தீவிரமாய்ப் புறப்பட்டுப் போகிறாள். தன்னைப் போலவே எதிர்பாராத காலத்தில் கருவுற்றிருந்த எலிசபெத்தின் வீட்டுக்குள் நுழைகிறாள். எலிசபெத்து அவளிடம் விளக்கம் எதுவும் கேட்காமல், வாழ்த்தி, ஏற்றுக்கொள்கிறாள். அதற்குப் பிறகுதான் கர்த்தரைப் புகழும் மரியாளின் பாடல் பிறக்கிறது. அங்கே ஏறக்குறைய மூன்று மாதம் தங்கிவிட்டுத்தான் வீடு திரும்புகிறாள்.

எனக்கு இரண்டாவது குழந்தை உண்டானபோது பதவி உயர்வுக்கான பயிற்சி கையில் இருந்தது, போக முடியவில்லை. நவநாள் ஜெபத்தில் உட்கார்ந்தும் மனம் அடங்கவில்லை. எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் குழு) ஒரு வயதான அக்கா, மீன் ஏலத்துக்குப் போய்விட்டு நேரே என் வீட்டுக்கு வருவார். குழந்தையை வாங்கித் தூளியில் போட்டு, ஒரு காலால் ஆட்டிக்கொண்டே எனக்குக் கீரை ஆய்ந்து கொடுப்பார். புத்திமதி ஒன்றும் சொல்லமாட்டார். அந்த நாள்களில் என்னால் ஜெபமாலையை முழுதாகச் சொல்ல முடிந்ததில்லை, பாதியில் தூங்கிவிடுவேன். ஆனாலும் என் விசுவாசம் அந்த அக்காவின் கையால் காப்பாற்றப்பட்டது என்று உறுதியாகச் சொல்வேன். உங்கள் எலிசபெத்து யார் என்று தேடுங்கள், சகோதரி. அவர் உங்கள் வயதினராகவோ படித்தவராகவோ இருக்க வேண்டியதில்லை.

ஆய்வு நெறியாளர்

சுருக்கமாக ஒரு தகவல். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 ஆம் ஆண்டு விதிமுறைகளிலும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2022 ஆம் ஆண்டு விதிமுறைகளிலும், முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் பெண்களுக்கு மொத்த ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தரலாம் என்று இருக்கிறது. ஆறு ஆண்டு என்ற உச்ச வரம்புக்கு மேல் பெண்களுக்கு இரண்டு ஆண்டு வரை தளர்வும் உண்டு. உதவித்தொகை தொடர்வது அந்தந்தத் திட்டத்தின் விதியைப் பொறுத்தது; அதைத் தனியாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்த வசதிகள் இருப்பதே தெரியாமல் பதிவை ரத்து செய்துகொண்ட மாணவிகள் உண்டு. நெறியாளர் வாயால் சொன்னதை நம்பி இருந்துவிடாமல், விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சபை மூப்பர்

மகளே, உன் வருத்தம் புரிகிறது. இருந்தாலும் ஒரு மூத்தவனாக என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம், அதாவது உரிமைச் சொத்து, என்று 127ஆம் சங்கீதம் சொல்கிறது. பட்டம் தாமதமாகலாம், பிள்ளையின் இந்த மாதங்கள் திரும்பி வராது. இழந்ததையே எண்ணிக்கொண்டிருந்தால் கையில் இருக்கிற ஈவை அனுபவிக்க முடியாமல் போய்விடும் என்பதுதான் என் கவலை.

நீ ஆய்வு செய்கிற களக்காட்டு மலையின் அடிவாரத்தில்தான் தோனாவூர் இருக்கிறது. அங்கே வாழ்ந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்ல வந்தவர். பிள்ளைகள் வந்தபோது அந்த ஊழியத்தைக் கீழே வைத்துவிட்டு அவர்களுக்குத் தாயாக இருந்தார். முறுமுறுக்காமல் இருந்தார். அந்த முன்மாதிரியை உனக்கு நினைவூட்டுகிறேன்.

கரிசல் பெண்

மூப்பர் ஐயா அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த முன்மாதிரியை இங்கே வைப்பதை நான் மறுக்கிறேன்.

ஏமி அம்மையார் தெரிந்தே தேர்ந்தெடுத்த பாதை அது. அவர் பிள்ளை வளர்த்தது உலகம் அறிந்த ஊழியம் ஆயிற்று. எழுதினார், ஆதரவு வந்தது, பெயரும் நின்றது. இரண்டு அறை வீட்டில், வயிற்றுவலியில் கத்துகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நள்ளிரவில் நடக்கிற பெண்ணின் வேலைக்கு அப்படி ஒரு பெயரை யாரும் தருவதில்லை. மேலும், திட்டத்தைக் கீழே வைப்பதைப் பற்றிய இந்தச் சாட்சிகள் எல்லாம் ஏன் பெண்களிடம் மட்டுமே சொல்லப்படுகின்றன? பொருநை மகளின் கணவருக்கும் அதே நாளில்தான் குழந்தை பிறந்தது. அவருடைய வேலை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது ஜெபித்தார்களா?

துக்கப்படாதே என்று சொல்வதற்கு வேதத்தில் ஆதாரம் குறைவு என்றுதான் நான் நினைக்கிறேன். "எதுவரைக்கும், கர்த்தாவே" என்று திரும்பத் திரும்பக் கேட்கிற 13ஆம் சங்கீதம், நன்றி சொல்லும் சங்கீதங்களோடு அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் பாடிய சபையின் பிள்ளைகள் நாம்.

தோனாவூர் வழிப்போக்கன்

ஏமி அம்மையாரின் பெயர் வந்துவிட்டதால், அந்த வரலாற்றை ஓரளவு வாசித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. இரண்டிலும் விடுபட்டதும் இருக்கிறது.

வட அயர்லாந்திலிருந்து 1895 ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்த அவர், திருநெல்வேலிச் சீமையில் தமிழ் கற்று, தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போய்க்கொண்டிருந்தார். கூடாரம் அடித்துத் தங்குவதும், அடுத்த ஊருக்கு நகர்வதும்தான் அந்தக் குழுவின் வாழ்க்கை. 1901 மார்ச்சில், கோவிலுக்கு அர்ப்பணிக்கப்பட இருந்த ஏறத்தாழ ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து பண்ணைவிளையில் அவரிடம் சேர்ந்தாள். அவளைத் தொடர்ந்து மற்றவர்கள் வந்தார்கள். சில ஆண்டுகளில் கைக்குழந்தைகளும் வந்தார்கள். கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஊர் சுற்ற முடியாது. பயணம் நின்றது.

மூப்பர் ஐயா "முறுமுறுக்காமல்" என்று எழுதியிருக்கிறார். ஆனால் அம்மையார் கேள்வி கேட்காமல் இருக்கவில்லை. ஊழியத்துக்குப் பயிற்சி பெற்றவர்கள் பிள்ளைத்தாதிகளாக ஆகிவிடுவது சரிதானா என்ற கேள்வி அவரை உண்மையாகவே வருத்தியது, சுற்றியிருந்தவர்களும் கேட்டார்கள். இயேசு துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவிய யோவான் 13ஆம் அதிகாரத்தில்தான் அவருக்குப் பதில் கிடைத்தது. கேள்வியை மறைத்துவைத்திருந்தால் அந்தப் பதிலுக்கு அவர் வந்திருக்கவே முடியாது.

கரிசல் சகோதரி சொன்னதற்கு: அவருக்கு ஆதரவு இருந்தது என்பது முழு உண்மை, அதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். தோனாவூரில் அப்போது மருத்துவ வசதி இல்லாததால், மருத்துவ மிஷன் இருந்த நெய்யூரில் குழந்தைகளுக்கென்று ஒரு விடுதி வைத்தார்கள். அதைப் பொறுப்பேற்று நடத்தியவர் பொன்னம்மாள் என்ற தமிழ் விதவை. தாய்ப்பால் இல்லாத, மெலிந்த, நோயுற்ற குழந்தைகளுக்கு இரவு பகலாக மணி பார்த்துப் பால் புகட்டிய வேலை பெருமளவில் அவருடையதும் அவரோடு இருந்த பெண்களுடையதும்தான். 1915 இல் புற்றுநோயால் இறந்துபோனார். தோனாவூரில் பிள்ளை வளர்த்த தமிழ்ப் பெண்களை அக்காமார் என்றும், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைச் சித்திமார் என்றும் பிள்ளைகள் அழைத்தார்கள். ஒருத்தியே தாயாக இருந்து எல்லாவற்றையும் சுமந்தாள் என்று அந்தக் கதையைச் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

இன்னொன்று. 1931 இல் விழுந்து அடிபட்ட பிறகு, 1951 ஜனவரியில் இறக்கும்வரை அவர் பெரும்பாலும் தன் அறையிலேயே இருக்க வேண்டியதாயிற்று. திட்டம் இரண்டாம் முறையும் கலைந்தது. அந்த இருபது ஆண்டுகளில் அவரைப் பார்த்துக்கொண்டவர்களில் அவர் வளர்த்த பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு முன்மாதிரியாக அவரைக் காட்டுவதென்றால், கொடுத்த பக்கத்தோடு வாங்கிக்கொண்ட பக்கத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

சபை மூப்பர்

தோனாவூர் சகோதரனுக்கு நன்றி. பொன்னம்மாளின் பங்கை நான் இவ்வளவு விரிவாகக் கேட்டதில்லை. பிள்ளை ஈவு என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதை மகளும் மறுக்கவில்லை. அவளுக்குத் தோள் கொடுக்கச் சபை என்ன செய்யலாம் என்று யாராவது அனுபவத்திலிருந்து எழுதினால், எங்கள் சபைச் சங்கத்திலும் எடுத்துச் சொல்வேன்.

போதகர் வீட்டம்மா

மூப்பர் ஐயா கேட்டதற்கு நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். கிராமச் சபைதான், பணம் அதிகம் இல்லை.

முன்பெல்லாம் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பெண்கள் ஐக்கியத்திலிருந்து பத்துப் பேர் ஒன்றாகப் போவோம். சோப்பு, பவுடர், பிள்ளைக்குச் சட்டை கொடுப்போம். ஒரு கீர்த்தனை பாடி, வேதம் வாசித்து, ஜெபித்துவிட்டு வருவோம். எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தது பிரசவித்த பெண்ணின் தாயாராக இருக்கும், சில வீடுகளில் அந்தப் பெண்ணே எழுந்து போடுவாள். இதை ஒரு நாள் கூட்டத்தில் பேசினோம். இப்போது இரண்டு பேராகப் போகிறோம், ஒருவர் குழந்தையை வைத்துக்கொள்ள, இன்னொருவர் வீட்டு வேலைக்கு. தாய் குளிக்கலாம், தூங்கலாம், எழுதலாம், வெளியே போகலாம்; எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை என்பது எங்களுக்குள் ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கைக்குழந்தைக்காரர்கள் பின்வாசல் பக்கம் ஒதுங்கி நிற்பதைத் தவிர்க்க, முதிர்ந்த பெண்கள் முறைவைத்துப் பிள்ளைகளை வாங்கிக்கொள்கிறார்கள். பிரசங்கத்தை முழுதாகக் கேட்டு வெகுநாள் ஆயிற்று என்று சொல்லி ஒரு பெண் அழுதாள்.

ஒரு தாய் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தேர்வு நாளன்று நான் பிள்ளையோடு மையத்தின் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது அவள் சேலை முழுக்கப் பால் நனைந்திருந்தது; பிள்ளையை வாங்கி மடியில் போட்ட பிறகுதான் கேள்வித்தாளைப் பற்றி வாய் திறந்தாள். அவள் தேறவில்லை. ஆனாலும் எழுதினாள், அடுத்த முறையும் எழுதப் போகிறாள். நினைத்தது கைகூடியவர்களை மட்டும் சாட்சி சொல்ல நிறுத்துகிற வழக்கத்தை நாம் மாற்ற வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பாளையங்கோட்டைத் தகப்பன்

கரிசல் சகோதரியின் கேள்வி நியாயமானது. மத்திய அரசு ஊழியரான ஆண்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறையில் அப்படிக் கட்டாயப்படுத்தும் சட்டம் நாடு முழுமைக்கும் இல்லை. நான் தனியாரில் இருப்பதால் மாலை வேலையை விடியற்காலைக்கு மாற்றிக் கேட்டு வாங்கினேன். மாலை முழுவதும் பிள்ளை என் பொறுப்பு. என் மனைவி அந்த நேரத்தில் தன் வழக்கறிஞர் வேலையைப் பார்க்கிறார். குடும்ப ஜெபத்தில், "இவளுடைய படிப்பையும் வேலையையும் நீர் எங்கள் இருவர் கையிலும் கொடுத்தீர்" என்று ஒருநாள் சத்தமாகச் சொன்னேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் பேச்சின் போக்கே மாறியது.

பொருநை மகள்

ஒவ்வொரு பதிலையும் பிள்ளை மடியில் தூங்கும்போது ஒரு கையால் நகர்த்தி நகர்த்திப் படித்தேன். எல்லோருக்கும் நன்றி.

செவிலி அக்கா சொன்ன கேள்வித்தாளை மருத்துவரோடு உட்கார்ந்து பார்த்தேன். கவலைப்படும் நிலையில் இல்லை, ஆனால் தூக்கக் குறைவு அதிகம், மறுபடி வந்து காட்ட வேண்டும் என்றார். தளர்வுக்கும் விடுப்புக்கும் விண்ணப்பம் கொடுத்துக் கையொப்பம் வாங்கிவிட்டேன். ஆய்வகத்தில் இளைய மாணவி ஒருத்தி இந்த மழையில் மலைக்குப் போகிறாள். பூவின் முன்பக்கம், பக்கவாட்டு, பின்புறத்து வால் ஆகியவற்றை எப்படிப் படமெடுக்க வேண்டும் என்று அவளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் பருவம் போனது போனதுதான். அவள் கொண்டுவரும் படங்கள் அதை ஈடு செய்யாது, ஆனாலும் அவற்றுக்காகக் காத்திருக்கிறேன்.

ஜெபத்தைப் பற்றிக் கேட்டிருந்தேன். 13ஆம் சங்கீதத்தைப் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே வாய்விட்டு வாசித்தேன். கோபம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். அதைத் தேவனிடமே சொல்ல முடிகிறது. பல வாரங்களாக அவரோடு பேசாமல் இருந்தவளுக்கு இது பெரிய காரியம். மரியாள் எலிசபெத்தின் வீட்டுக்குள் போன பிறகுதான் பாடினாள் என்று மணப்பாட்டு அக்கா எழுதியதை என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, சனிக்கிழமைகளில் பிள்ளையைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும், நான் உலர்தாவரச் சேகரிப்பகத்துக்குப் போய்வரலாம் என்றும் சொன்னார்.

போதகர் வீட்டம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் செய்கிற ஏற்பாட்டை எங்கள் பெண்கள் ஐக்கியச் செயலாளரிடம் கேட்கப் போகிறேன். ஆனால் என் அத்தை, வெளியாள் கையில் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது, கண்ணேறு படும், சளி பிடிக்கும் என்கிறார். அவர் மனம் நோகாமல் இதை எப்படித் தொடங்குவது?

போதகர் வீட்டம்மா

அத்தையிடமிருந்தே தொடங்குங்கள். எங்கள் சபையில் முறைவைத்துப் பிள்ளை பார்க்கும் பட்டியலில் முதல் பெயர் ஒரு மாமியாருடையது. தன் பேத்தியைத் தரமாட்டேன் என்று நின்றவர், இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டபோது உடனே வந்தார். கை கழுவுவது, சளி இருப்பவர்கள் வராமல் இருப்பது ஆகிய இரண்டையும் அவர்தான் எங்களுக்கு விதியாக்கினார். உங்கள் அத்தையை முதலில் பக்கத்துத் தெருவில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். செயலாளரிடம் நான் வேண்டுமானால் பேசுகிறேன். தனிமடலில் ஊர்ப் பெயரை மட்டும் அனுப்புங்கள்.